கூரையில்லாப் பெட்டியிலிருந்து மறைநகர்ச் சீட்டு வரை

ஒரே விமானம், ஒரே வரிசை, அடுத்தடுத்த இரண்டு இருக்கைகள். ஒருவர் கொடுத்த விலை மற்றவர் கொடுத்ததைப் போல மூன்று மடங்கு இருக்கலாம். இருவரும் ஒன்றாகப் புறப்பட்டு ஒன்றாகவே தரையிறங்குகின்றனர். காய்கறிச் சந்தையில் இப்படி நடந்தால் சண்டை மூளும். வானில் நடந்தால் இயல்பென்று ஏற்றுக்கொள்கிறோம். நெடுந்தொலைவுச் சீட்டு குறுந்தொலைவுச் சீட்டைவிட மலிவாயிருப்பதும், போய்வரும் சீட்டு ஒருவழிச் சீட்டைவிட மலிவாயிருப்பதும் விமானக் கட்டணத்தில் பலகாலம் கண்ட காட்சிகள்தாம். இந்த முரண்களைக் கண்டறிந்து, குறைந்த செலவில் பறக்கக் குறுக்குவழி தேடியோரின் வரலாறு, விமானப் போக்குவரத்தின் வரலாற்றோடு ஒட்டிப் பிறந்த இரட்டை. அதனைத் தந்திரங்களின் பட்டியலாகப் படித்தால் பொழுது போகும். விலையை யார் வைக்கிறார்கள், அதைச் சுற்றி ஏன் வேலி எழுப்புகிறார்கள் என்று கேட்டுப் படித்தால் வேறு சில செய்திகள் புலப்படும். இக்கட்டுரையில் அவ்வாறு படிக்க முயல்கிறோம்.

கூரையில்லாப் பெட்டி

கதை விமானத்தில் தொடங்கவில்லை, ரயிலில் தொடங்குகிறது. ஐரோப்பாவின் தொடக்ககால ரயில்களில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் பலவற்றுக்குக் கூரை கிடையாது. ஏழைப் பயணிகள் மழையிலும் குளிரிலும் நனைந்தும் விறைத்தும் சென்றனர். பிரிட்டனில் 1844ஆம் ஆண்டுச் சட்டம் இதில் தலையிட்டது. நாள்தோறும் ஒரு ரயிலாவது மைலுக்கு ஒரு பென்னி என்ற கட்டணத்தில், மழைக்கு மறைப்புள்ள பெட்டிகளோடு ஓட வேண்டும் என்று அது விதித்தது.

கூரை போட எவ்வளவு செலவாகிவிடும்? சில பலகைகள், சில ஆணிகள். ரயில் கம்பெனிகள் அதற்குக் கூடவா தயங்கின? பிரெஞ்சுப் பொறியாளரும் பொருளியல் சிந்தனையாளருமான ழூல் துப்யுயி 1849இல் இதற்கு அளித்த விளக்கம் இன்றும் பொருளியல் வகுப்புகளில் பேசப்படுகிறது. கூரையின் செலவை மிச்சப்படுத்துவது கம்பெனியின் நோக்கமன்று என்றார் அவர். இரண்டாம் வகுப்புக்குப் பணம் கொடுக்கக்கூடியவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக்கூடாது. அவரை அச்சுறுத்துவதற்காகவே ஏழை நனைய வேண்டியிருக்கிறது. ஏழையைத் துன்புறுத்துவதில் கம்பெனிக்கு விருப்பம் ஏதுமில்லை; வசதியுள்ளவரின் பணப்பையின் மீதுதான் அதன் கண் இருந்தது.

ஒரே சேவைக்கு இரண்டு விலை வைக்க வேண்டுமென்றால் நடுவில் ஒரு வேலி வேண்டும். கூரையின்மை அத்தகைய வேலி. இதனை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்வரும் விமானக் கதைகளெல்லாம் எளிதில் விளங்கும். வேலி இருக்குமிடத்தில் சந்து தேடுவோரும் இருப்பர்.

ரயில் காலத்திலேயே அச்சந்தும் கண்டறியப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் பெருநகரங்களுக்கிடையே பல கம்பெனிகள் போட்டியிட்டுக் கட்டணத்தைக் குறைத்தன. இடையிலுள்ள சிற்றூர்களுக்கோ ஒரே கம்பெனிதான். அங்கே வைத்ததே விலை. எனவே தொலைவிலுள்ள நகருக்கு மலிவுச் சீட்டு வாங்கி, இடையில் இறங்கி, மிஞ்சிய பகுதியைத் தரகரிடம் விற்றுவிடும் வழக்கம் பரவியது. 'ஸ்கேல்ப்பர்' எனப்பட்ட இத்தரகர்கள் அதனை வேறொருவருக்கு விற்றனர். தரகரை ஒழிக்கச் சட்டம் கேட்டன கம்பெனிகள்; சிற்றூர் மக்களோ கம்பெனிகளை அடக்கச் சட்டம் கேட்டனர். 1887ஆம் ஆண்டின் மாநிலங்களிடை வணிகச் சட்டத்தின் நான்காம் பிரிவு, ஒத்த சூழலில் ஒரே வழியில் ஒரே திசையில் செல்லும்போது, நெடுந்தொலைவுக்குள் அடங்கிய குறுந்தொலைவுக்கு அதிகக் கட்டணம் வாங்கக்கூடாது என்று கூறியது. நூறாண்டுக்குப் பின் விமானத்தில் தலைதூக்கிய சிக்கலுக்கு ரயில் காலத்தில் எழுதப்பட்ட விடை இது. விமானத்துக்கு அந்த விடை வாய்க்கவில்லை.

விலைக் கூட்டணியும் பறவை வளர்ப்போரும்

1944இல் சிகாகோவில் நாடுகள் கூடி வான்போக்குவரத்து விதிகளை வகுத்தன. 1945இல் கியூபாவின் ஹவானா நகரில் பன்னாட்டு வான்போக்குவரத்துச் சங்கமான ஐஏடிஏ தோன்றியது. 1946இல் அமெரிக்காவும் பிரிட்டனும் பெர்முடாவில் செய்துகொண்ட உடன்படிக்கை, கட்டணம் வகுக்கும் பொறுப்பை இச்சங்கத்தின் மாநாடுகளுக்கு அளித்தது. அரசுகளின் ஒப்புதல் பெற்ற விலைக் கூட்டணி இது. எந்த நிறுவனத்தில் சென்றாலும் அட்லாண்டிக்கைக் கடக்கும் விலை ஒன்றே.

விலையில் போட்டியிட முடியாதபோது நிறுவனங்கள் உணவில் போட்டியிட்டன. 1958இல் அட்லாண்டிக் வழியில் எகானமி வகுப்பு அறிமுகமானது. மலிவு வகுப்பில் சாண்ட்விச் மட்டுமே தரலாம் என்பது விதி. ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்ஏஎஸ், இறைச்சியும் மீனும் குவித்த அழகிய திறந்த சாண்ட்விச்சுகளைப் பரிமாறியது. அது சாண்ட்விச்சே அன்று, விருந்து என்று போட்டி நிறுவனங்கள் புகார் செய்தன. சாண்ட்விச் என்றால் என்ன என்று வரையறுக்கச் சங்கம் கூடிப் பேசியது. எஸ்ஏஎஸ் தண்டம் கட்டியது. துப்யுயி இதனைக் கண்டிருந்தால் சிரித்திருப்பார். ரொட்டியின் மேல் எவ்வளவு இறைச்சி வைக்கலாம் என்பதும் கூரையைப் போலொரு வேலிதான்.

இவ்வேலியைத் தாண்டிய முதல் வழி ஐஸ்லாந்து. லோஃப்ட்லெய்டிர் என்ற ஐஸ்லாந்து நிறுவனம் ஐஏடிஏயில் சேரவில்லை. பழைய விசிறி விமானங்களில், ரெய்க்யவிக்கில் நின்று, லக்சம்பர்க் வரை அது பயணிகளைக் கொண்டுசென்றது. நேரம் கூடுதல், கட்டணம் குறைவு. அறுபதுகளில் ஐரோப்பா சென்ற அமெரிக்க மாணவர்களும் ஹிப்பிகளும் இதில் நிறைந்ததால் 'ஹிப்பி ஏர்லைன்' என்றே அது பெயர்பெற்றது. லண்டனுக்கோ பாரிசுக்கோ செல்ல விரும்பியவரும் லக்சம்பர்க்கில் இறங்கி ரயில் ஏறினார். சுற்றி வளைத்துச் சென்றால் மலிவு என்ற விந்தை விதி அங்கே வேரூன்றியது.

இரண்டாம் வழி சங்கங்கள். குழுவாக ஒரு விமானத்தை வாடகைக்கு எடுத்தால் கட்டணம் வெகுவாகக் குறையும். ஆனால் அக்குழு பயணத்துக்காக மட்டுமே கூடியதாக இருக்கக்கூடாது. உறுப்பினராகிக் குறைந்தது ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். விளைவு என்ன? அறுபதுகளின் பிற்பகுதியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் பிரிட்டனில் விந்தையான சங்கங்கள் மழைக்காளான்களாய் முளைத்தன. கூண்டில் பறவை வளர்ப்போர், ரோஜா வளர்ப்போர் என்று பெயர்கள். பறவையையே கண்டிராதவர் பறவைச் சங்க அட்டையோடு நியூயார்க் சென்றார். பின்தேதியிட்ட உறுப்பினர் அட்டைகள் கைமாறின. விமான நிலையத்தில் அதிகாரிகள் பயணிகளை நிறுத்தி வினவினர், ஐயத்துக்குரியோர் இறக்கிவிடப்பட்டனர். பாட்டியைப் பார்க்கவோ மகளின் திருமணத்துக்கோ கிளம்பிய எளிய மனிதர் ஒருவர், தாம் எந்தச் சங்கத்தின் உறுப்பினர் என்பதை மனப்பாடம் செய்துகொண்டு வர வேண்டியிருந்தது. ஒரு விதி நேர்மையானவரைப் பொய் சொல்ல வைக்குமானால், குறை மனிதரிடம் மட்டும் இருக்கிறதா என்று கேட்கத் தோன்றுகிறது. 1973இல் இவ்விதி தளர்ந்து, முன்பதிவுச் சார்ட்டர் என்ற முறை வந்தது.

மூன்றாம் வழி 'பக்கெட் ஷாப்'. நிரம்பாத இருக்கைகளை நிறுவனங்களே சில முகவர்களிடம் கள்ளத்தனமாகக் குறைந்த விலைக்குத் தள்ளின. லண்டனின் சந்துகளில் மாடியறை அலுவலகங்களில் அவை விற்கப்பட்டன. மாநாட்டு மேடையில் ஒரே விலை என்று கையொப்பமிட்ட நிறுவனம், பின்வாசல் வழியே அதனை உடைத்துக்கொண்டிருந்தது. பயணிதான் தந்திரம் செய்கிறான் என்று எண்ணுவோர் இதனை நினைவில் கொள்ளல் நன்று.

இப்பொய்க்கெல்லாம் வெளிப்படையான மாற்றாக வந்தவர் பிரெடி லேக்கர். பறவைச் சங்கப் பயணிகளைச் சுமந்தவற்றுள் அவருடைய விமானங்களும் உண்டு. சங்கமும் வேண்டா, முன்பதிவும் வேண்டா. வரிசையில் நின்று அன்றே சீட்டு வாங்கிப் பறக்கலாம் என்பது அவர் திட்டம். 1971இல் விண்ணப்பித்தார். உரிமம் கிடைத்தது, அரசு மாறியபின் திரும்பப் பெறப்பட்டது, நீதிமன்றம் சென்று வென்றார். 1977 செப்டம்பர் 26 அன்று 'ஸ்கைட்ரெயின்' லண்டன் காட்விக்கிலிருந்து நியூயார்க்குக்குப் பறந்தது. ஒருவழிக் கட்டணம் 59 பவுன். வரிசையில் இரவெல்லாம் மக்கள் காத்திருந்தனர். பெரிய நிறுவனங்களும் விலையைக் குறைத்தன. 1982 பிப்ரவரியில் லேக்கர் நொடித்துப்போனார். அவரை வீழ்த்தச் சதி செய்ததாகப் பெரிய நிறுவனங்கள்மீது தொடரப்பட்ட வழக்கு 1985இல் சமரசத்தில் முடிந்தது.

சனிக்கிழமை இரவின் விலை

அமெரிக்காவின் உள்நாட்டு வானிலும் விலைக்குக் காவல் இருந்தது. 1938இல் பிறந்த சட்டத்தின்வழி உருவான குடிமை வானூர்தி வாரியம், யார் எங்கே பறக்கலாம், என்ன விலை வாங்கலாம் என்பதைத் தீர்மானித்தது. எழுபதுகளில் தொலைவையே அடிப்படையாகக் கொண்டு கட்டணம் வகுக்கப்பட்டது. ஆல்ஃபிரட் கான் என்ற பொருளியலறிஞர் வாரியத் தலைவராகி, தம் நாற்காலியையே தேவையற்றதாக்கும் பணியைத் தொடங்கினார். 1978 அக்டோபர் 24 அன்று அதிபர் கார்ட்டர் கட்டுப்பாட்டு நீக்கச் சட்டத்தில் கையொப்பமிட்டார். வாரியம் 1984 இறுதியில் கலைந்தது. விலை சுதந்திரம் பெற்றது, வேலிகளும் பெருகின.

பீப்பிள் எக்ஸ்பிரஸ் போன்ற புதிய நிறுவனங்கள் மிகக் குறைந்த விலையில் பறந்தன. எல்லாருக்கும் விலையைக் குறைத்தால் பெரிய நிறுவனத்துக்கு இழப்பு. குறைக்காவிட்டால் பயணிகள் போய்விடுவர். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கணினியின் துணையோடு இதற்கு வழி கண்டது. எந்த விமானத்தில் எத்தனை இருக்கைகளை மலிவாக விற்கலாம் என்று நாள்தோறும் கணக்கிடும் முறை உருவாயிற்று. 1977இல் 'சூப்பர் சேவர்' என்றும் 1985இல் 'அல்டிமேட் சூப்பர் சேவர்' என்றும் மலிவுச் சீட்டுகள் வந்தன. பீப்பிள் எக்ஸ்பிரஸ் 1987இல் வேறு நிறுவனத்தில் கரைந்து மறைந்தது.

மலிவுச் சீட்டைச் சுற்றிய வேலிகளுள் நுட்பமானது சனிக்கிழமை இரவு. சென்ற ஊரில் சனிக்கிழமை இரவு தங்கினால்தான் குறைந்த விலை. கம்பெனிச் செலவில் திங்களன்று செல்பவர் வெள்ளிக்குள் வீடு திரும்பவே விரும்புவார். உறவினரைக் காணச் செல்பவரோ வார இறுதியில்தான் தங்குவார். யார் வணிகர், யார் உறவினர் என்று கேட்காமலே பிரித்துவிடும் வேலி அது. கூரையில்லாப் பெட்டி ஏழையின் உடலை நனைத்தது. இவ்வேலி வணிகரின் குடும்ப நேரத்தைப் பணயம் கேட்டது.

தடுக்கின் கீழே நுழைந்தவரைக் கண்டு கோலத்தின் கீழே நுழைந்த கதையாக, பயணிகள் இதற்கும் வழி கண்டனர். 'பேக் டு பேக்' எனப்பட்ட இதனைப் பின்னல் சீட்டு என்போம். கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு: ஒருவர் அடுத்தடுத்த இரு வாரங்களும் திங்களன்று சிகாகோவிலிருந்து நியூயார்க் சென்று வியாழனன்று திரும்ப வேண்டும். வேலிக்கு வெளியே ஒரு சீட்டு 800 டாலர், உள்ளே 300 டாலர் எனக் கொள்வோம். முறைப்படி வாங்கினால் 1600. அவரோ இரண்டு மலிவுச் சீட்டுகளை வாங்குகிறார். முதற்சீட்டு: முதல் வாரத் திங்களன்று சிகாகோவிலிருந்து சென்று, இரண்டாம் வார வியாழனன்று திரும்புவது. இரண்டாம் சீட்டு நியூயார்க்கிலிருந்து தொடங்குவது: முதல் வார வியாழனன்று சிகாகோ சென்று, இரண்டாம் வாரத் திங்களன்று நியூயார்க் திரும்புவது. இரண்டு சீட்டுகளின்படியும் சனிக்கிழமை இரவு வெளியூரில்தான் கழிகிறது. உண்மையில் அந்தச் சனிக்கிழமை இரவில் அவர் வீட்டில் குழந்தைகளோடு இருக்கிறார். செலவு 600. ஒரே ஒரு பயணமானாலும் இரண்டு மலிவுச் சீட்டுகளை வாங்கிப் பாதியைக் கிழித்தெறிவது ஒரு முறையான சீட்டைவிடச் சிக்கனம்.

நிறுவனங்கள் தம் ஒப்பந்த விதிகளில் இதனைத் தடைசெய்தன. விற்ற முகவர்களிடம் வித்தியாசத் தொகையைக் கேட்டுச் சீட்டு அனுப்பின. ஆனால் வேலியைச் சாய்த்தவை அவ்விதிகளல்ல. ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியே எளிய விலை வைத்த மலிவு நிறுவனங்களும் இணையமும் அதனைப் பயனற்றதாக்கின. 2005 ஜனவரியில் டெல்டா நிறுவனம் தன் உள்நாட்டுக் கட்டணங்களில் சனிக்கிழமை விதியைக் கைவிட்டது.

இக்காலத்தின் வேறு வழிகளும் சுவையானவை. சரக்காக அனுப்பினால் சுங்கத்தில் தாமதமாகும். பயணியின் பெட்டியாகச் சென்றால் விரைவில் வெளிவரும். இதனால் எண்பது, தொண்ணூறுகளில் கூரியர் நிறுவனங்கள் பயணிகளுக்கு மலிவுச் சீட்டு அளித்தன. பெட்டிக்குரிய இடம் கூரியருக்கு. பயணிக்குக் கைப்பை மட்டும். 1999இல் கலிபோர்னியப் பொறியாளர் ஒருவர், உணவுப் பொட்டலங்களின் பட்டைக் குறியீட்டுக்கு விமான மைல்கள் தரும் விளம்பரத்தைக் கண்டார். சுமார் 3,140 டாலருக்கு 12,150 கோப்பைப் புட்டிங் வாங்கினார். குறியீடுகளைப் பிரித்தெடுக்க அறக்கட்டளைத் தொண்டர்கள் உதவினர். புட்டிங் அறத்துக்குப் போயிற்று. அவருக்கு 12 இலட்சத்துக்கும் மேற்பட்ட மைல்கள் கிடைத்தன. விளம்பரத்தை எழுதியவர் கணக்குப் போடவில்லை, படித்தவர் போட்டார்.

மறைநகர்

கட்டுப்பாடு நீங்கியபின் பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றும் சில நகரங்களைத் தம் மையமாக்கிக்கொண்டன. சக்கரத்தின் குடம்போல் அந்நகரம், ஆரக்கால்கள்போல் வழிகள். மையநகருக்கு நேரே செல்லும் விமானங்கள் பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதால் அங்கே விலை அதிகம். மையநகரின் வழியாக அப்பாலுள்ள நகருக்குச் செல்வதாயின், வேறு மையங்கள் வழியே செல்லும் நிறுவனங்களும் போட்டியிடுவதால் விலை குறைவு. எனவே அப்பாலுள்ள நகருக்குச் சீட்டு வாங்கி நடுவில் இறங்கிவிடுவது மலிவு. 'ஹிட்டன் சிட்டி' எனப்படும் இதனை மறைநகர்ச் சீட்டு எனலாம். பழைய ரயில் தரகர் காலத்துச் சிற்றூரின் துயரமே வான்மைய நகரின் துயரமாகத் திரும்பிவந்திருக்கிறது.

இதில் இடர்கள் உண்டு. ஒப்படைத்த பெட்டி கடைசி நகருக்குப் போய்விடும். ஒரு பகுதியைத் தவிர்த்தால் அச்சீட்டின் எஞ்சிய பகுதிகள் அனைத்தும் நீக்கப்படும். ஆகவே திரும்பும் பயணத்தை அதே சீட்டில் வைக்க இயலாது. வானிலையால் வழி மாற்றப்பட்டால், இறங்க எண்ணிய நகரை விமானம் தொடாமலே போகலாம். சேர்த்த மைல்களையும் நிறுவனம் பறிக்கலாம்.

சிலர் மட்டும் அறிந்திருந்த இதனை எல்லாரும் தேடும்படி ஆக்கியது ஸ்கிப்லாக்ட் என்ற இணையதளம். 2014இல் யுனைடெட் நிறுவனமும் ஆர்பிட்ஸ் நிறுவனமும் அதனை உருவாக்கிய அக்தரர் ஜமான் என்ற 22 வயது இளைஞர்மீது சிகாகோவில் வழக்குத் தொடுத்தன. ஆர்பிட்ஸ் சமரசம் செய்துகொண்டது. யுனைடெட்டின் வழக்கு தன் அதிகார எல்லைக்குள் வராது என்று 2015இல் நீதிமன்றம் தள்ளிற்று. ஜெர்மனியில் லுஃப்தான்சா, ஆஸ்லோவிலிருந்து பிராங்பர்ட் வழியே சியாட்டில் சென்று திரும்புகையில் கடைசிப் பகுதியைத் தவிர்த்த பயணியிடம் 2,112 யூரோ கேட்டு வழக்காடியது. பெர்லின் நீதிமன்றம் 2018 டிசம்பரில் அதனைத் தள்ளுபடி செய்தது. 2024 அக்டோபரில் டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட்வொர்த்தில் அமெரிக்கன் ஏர்லைன்சுக்கு ஸ்கிப்லாக்ட் 94 இலட்சம் டாலர் தர வேண்டும் என நடுவர் குழு தீர்ப்பளித்தது. அது நிறுவனத்தின் சின்னத்தைப் பயன்படுத்தியதால் நேர்ந்த பதிப்புரிமை மீறலுக்கானது. நடுவில் இறங்கிய பயணி செய்தது தவறா என்ற கேள்விக்கு அத்தீர்ப்பில் விடை தேடுவது வீண்.

இருக்கை யாருடையது?

அவ்வினாவை நாமே எழுப்பிப் பார்க்கலாம். முழுச் சாப்பாடு வாங்கிய ஒருவர் மோர்ச்சோற்றைத் தொடாமல் இலையை மடித்து எழுந்தால், கடைக்காரர் கூடுதலாகப் பணம் கேட்பாரா? கேட்டால் ஊர் சிரிக்காதா? பயணியின் வாதம் இதுதான். வாங்கிய பொருளை உண்பதும் விடுவதும் அவர் உரிமை.

நிறுவனத்தின் வாதத்தையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. காலியான இருக்கையை வேறொருவருக்கு விற்றிருக்கலாம். வராத பயணிக்காக இணைப்பு விமானம் காத்திருக்க நேரலாம். மறைநகர்ச் சீட்டு பெருகினால் அப்பாலுள்ள சிறுநகரின் மலிவு விலையையே நிறுவனம் உயர்த்திவிடக்கூடும். அப்போது உண்மையாகவே அங்குச் செல்பவர் நம் சிக்கனத்துக்கு விலை கொடுப்பார். இது நிறுவனத்தின் அச்சுறுத்தல் மட்டுமன்று, கணக்கின்படி நடக்கக்கூடியதுமாகும். தந்திரம் சிலர் கையில் இருக்கும்வரைதான் தந்திரம்.

ஆயினும் ஒப்பந்தத்தின் தூய்மையைப் பற்றிப் பேசும் உரிமை நிறுவனங்களுக்கு எவ்வளவு உண்டு? உள்ள இருக்கைகளைவிட அதிகமான சீட்டுகளை விற்பது அவற்றின் நெடுநாள் வழக்கம். 1972இல் உறுதிசெய்யப்பட்ட சீட்டோடு சென்ற நுகர்வோர் வழக்கறிஞர் ரால்ஃப் நேடரை அலெகெனி நிறுவனம் இடமில்லை என்று திருப்பியனுப்பியது. அவர் தொடுத்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்றது. அதிகச் சீட்டு விற்பதை மறைத்ததற்காக வழக்காட அவருக்கு உரிமையுண்டு என்று 1976இல் அம்மன்றம் கூறியது. விருப்பத்தோடு இடம் விட்டுத்தருவோரை முதலில் தேடி இழப்பீடு அளிக்க வேண்டும் என்ற விதி 1978இல்தான் வந்தது. பயணி வராவிட்டால் வஞ்சனை, நிறுவனம் இடம் தராவிட்டால் வணிக நடைமுறை என்ற துலாக்கோல் நேராக நிற்காது.

நம் கருத்தில், இத்தந்திரங்களை அறத்தின் வெற்றியாகவோ வீழ்ச்சியாகவோ காண வேண்டியதில்லை. ஒவ்வொரு தந்திரமும் ஒரு விதியின் நிழல். உறுப்பினர் விதி பொய்ச் சங்கத்தைப் பெற்றது. சனிக்கிழமை விதி பின்னல் சீட்டைப் பெற்றது. மையநகரின் ஏகபோகம் மறைநகரைப் பெற்றது. விதி மாறியபோது நிழலும் மறைந்தது. சிக்கனத்துக்கு வழி கண்டவர் விதியை நிறுவனத்தைவிடக் கவனமாகப் படித்தவர், அவ்வளவே. விதி அச்சிடப்பட்டு எல்லார்க்கும் தெரிந்திருந்ததால்தான் அவர் அதனைப் படிக்க முடிந்தது.

அந்நிலை இனி நீடிக்குமா என்பதே நம் கவலை. 2025இல் டெல்டா நிறுவனம் தன் உள்நாட்டுக் கட்டணங்களில் ஒரு பகுதியைச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு வகுப்பதாக அறிவித்தது. ஒவ்வொருவரின் பணமுடையையும் அவசரத்தையும் மோப்பம் பிடித்து விலை வைப்பீர்களோ என்று அமெரிக்க செனட்டர்கள் சிலர் வினவினர். தனிநபர் தகவலைக்கொண்டு விலை வைப்பதில்லை என்று நிறுவனம் மறுத்தது. மறுப்பை ஏற்றுக்கொள்வோம். ஆனால் அத்தகைய விலை என்றேனும் வருமாயின், துப்யுயி கண்ட பெட்டிக்கு அங்கே வேலை இராது. ஆள்தோறும் ஒரு விலை என்றானபின் வேலி எதற்கு? வேலியில்லாத இடத்தில் சந்தும் இராது. தாயின் இறுதிச் சடங்குக்கு விரைபவர் தம் துயரத்தின் அளவுக்கே விலை கொடுத்துவிட்டு, அடுத்த இருக்கைக்காரர் என்ன கொடுத்தார் என்பதை அறியாமலே பயணம் செய்வார். கூரையில்லாப் பெட்டியில் நனைந்தவருக்காவது, தாம் ஏன் நனைகிறோம் என்பதை நிமிர்ந்து பார்த்தால் தெரிந்திருக்கும்.